மூன்றாம் சில்லு

ஆலங்குடா
05.05.2011

தாஹிருக்கு,

ஸலாம் இல்லாமல் தொடங்குகிறேன் என்று குறை நினைக்காதே. நினைத்தாலும் எனக்கொன்றுமில்லை. இனி உன்னோடு வாயால் ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று புத்தளம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணினவள் நான். பதினொரு மாதமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். நீ அடிக்கிற போனையெல்லாம் ஃபஸ்னாவிடம் நீட்டுவதும் அதனால்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘உம்மா சுகமா’ என்று எத்தனை தரம் கேட்பாய்? கையால் எழுதுவதில்லை என்று மட்டும் சத்தியம் பண்ணவில்லை. அந்த ஓட்டை ஒன்றுதான் மிச்சம். அதுவும் எனக்காக இல்லை, உன் மச்சானுக்காக.

விஷயம் சைக்கிள். நீ கற்பிட்டி விடுதியில் சமையலுக்கு நின்றபோது, நாட்டைச் சைக்கிளில் சுற்ற வந்த ஜெர்மன்காரன் காய்ச்சலோடு விமானம் ஏறும் அவசரத்தில் உன்னிடம் விட்டுப்போனானே, அந்தப் பழைய நீளச் சைக்கிள். நீ ஒரு கிழமை படம் காட்டிவிட்டு மச்சானிடம் தள்ளிவிட்டாய். அவர் அதன் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு கற்பிட்டிக்கும் பாலாவிக்கும் ஓடி எங்களைச் சாப்பிட வைத்தார்.

இப்போது அவருடைய வலது கையில் இருப்பது கட்டைவிரல் மட்டும். மோட்டார் சைக்கிள் ஒன்று எடுப்போம் என்றால், அதை முறுக்குவது வலது கை. அந்தக் கதை முடிந்தது. சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது. சந்தியில் சைக்கிள் திருத்துகிற அன்ரனிப்பிள்ளை பிரேக்கை இடது பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் கியர் போடுகிற பிடி இரண்டும் கீழே சாய்ந்த குழாயில் அல்லவா இருக்கின்றன? இடது கையைக் கீழே விட்டால் ஹாண்டிலைப் பிடிக்க ஆளில்லை. போன கிழமை நுரைச்சோலையில் கியர் மாற்றப் போய் லொறிக்கு முன்னால் விழுந்தார். லொறிக்காரன் பிரேக்கை மிதித்தபடியால் உனக்கு இந்தக் கடிதம் வருகிறது. இல்லாவிட்டால் மௌத்துச் செய்தி வந்திருக்கும்.

கியரையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஒற்றைப் பல்லுச் சில்லைப் போடலாம், இது மேடில்லாத ஊர்தானே என்கிறார் அன்ரனிப்பிள்ளை. மேடு இல்லைதான். சோளகக் காற்று இருக்கிறதே. வைகாசியிலிருந்து நாலைந்து மாதம் அது முகத்தில் அடிக்க, மீன்பெட்டியோடு தெற்கே மிதிப்பவனுக்கு ஒவ்வொரு மைலும் மேடுதான்.

விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். காலையில் நான் வெங்காயத் தோட்டத்து வேலைக்குப் போகும்போதும் அதே சுவர், திரும்பி வரும்போதும் அதே சுவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பிடியை மேலே ஹாண்டிலுக்கு, இடது பக்கத்துக்கு ஏற்ற முடியுமா? ஓம் அல்லது இல்லை என்று எழுது. வேறு கதை வேண்டாம்.

மர்ளியா


தோஹா
19.05.2011

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓம்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் கையெழுத்தைக் கவரில் கண்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கட்டில் நேபாளத்துப் பெடியன்தான் பிரித்துத் தந்தான்.

என்னைச் சமையல் வேலை என்று கூட்டி வந்துவிட்டு ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் போட்டிருக்கிறார்கள். அதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை. பழைய சைக்கிள்களில் கீழே இருக்கிற கியர்ப் பிடிகளைக் கழற்றிவிட்டு மேலே புதியதைப் பூட்டுவதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை, ராத்தா. இந்தக் கையால் எத்தனை பேருக்குப் பூட்டிவிட்டேன். எங்கள் வீட்டுச் சைக்கிளைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இப்போது வருகிற பிடிகள் கட்டைவிரலால் தள்ளுவது. ஒவ்வொரு கியருக்கும் ‘டக்’ என்று சத்தம் வரும், தானாகவே சரியான இடத்தில் நிற்கும். கையை ஹாண்டிலிலிருந்து எடுக்கவே தேவையில்லை. நல்ல பளபளப்பான ஒன்றை எடுத்து வைக்கிறேன். முதலாளியிடம் கேட்டுத்தான் எடுப்பேன், பயப்படாதீர்கள். கனமூலை ரிஷாத் அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுவேன். முன்னால் மிதியோடு சுற்றுகிற இரண்டு பெரிய பல்லுச் சில்லையும் விட்டுவிடுங்கள், செயின் சின்னதில் கிடந்தால் போதும். பின்னால் எத்தனை பல்லுச் சில்லு இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அது முக்கியம்.

மச்சான் என்னைப் பற்றி

இந்த இடத்தில் மூன்று வரியை வெட்டியிருக்கிறேன். வேறு தாள் கையில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
தாஹிர்


ஆலங்குடா
04.06.2011

தாஹிருக்கு,

பின்னால் ஆறு சில்லு. ஃபஸ்னா இரண்டு தரம் எண்ணினாள், நான் ஒரு தரம்.

நீ வெட்டின மூன்று வரியையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. நன்றாகத்தான் வெட்டுகிறாய். மச்சான் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்றுதானே கேட்க வந்தாய்? சொல்கிறேன், கேள்.

அன்றைக்குக் கற்பிட்டியில், மச்சான் மீன் எடுக்கிற வாடிக்கு நீ துணைக்குப் போயிருந்தபோது நடந்தது உன்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. ஐஸ் உடைக்கிற மெஷினில் ஒரு கட்டி இறுகிக்கொண்டது. அவர் கையை உள்ளே விட்டு எடுத்தார். நீ சுவிட்சடியில் நின்றாய். ‘நான் சுவிட்சைப் போட்ட பிறகுதான் மச்சான் கையை விட்டார்’ என்று வாடிக்காரரிடம் சொன்னாய், பொலிஸ்காரரிடமும் சொன்னாய், இரத்தச் சீலையோடு நின்ற என்னிடமும் சொன்னாய். ஒன்பதாம் நாள் கத்தாருக்குப் பறந்துவிட்டாய். கவனமில்லாத ஜபார் என்று ஊர் பேர் வைத்தது. மையத்து எடுக்கிற வீட்டில்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவருக்கு அந்த ஒரு நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. குளிர் ஞாபகம், பிறகு ஆஸ்பத்திரிக் கூரை ஞாபகம். நடுவில் ஒன்றுமில்லை. முதலில் ‘நான் அப்பிடி விட்டிருக்க மாட்டன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ‘விட்டேனோ’ என்றார். இப்போது கேட்டால், ‘தாஹிர் பொய் சொல்ற பெடியன் இல்ல. நான்தான் விட்டிருக்கோணும்’ என்கிறார்.

அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கையைப் பிடித்துப் பாதை கடத்த மாட்டேன் என்கிறார். தன்ட கையையே பார்க்கத் தெரியாதவன் பிள்ளையை எப்படிப் பார்ப்பான் என்று என்னிடம் கேட்டார். பாதையின் அந்தப் பக்கம் பிள்ளை நிற்கிறாள், இந்தப் பக்கம் வாப்பா நிற்கிறார். நடுவில் லொறி ஓடுகிறது. நான் தோட்டத்திலிருந்து ஓடி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

சைக்கிளில் ஒரு நாள் ஏறி ஒழுங்காகப் போய் வந்துவிட்டால் இந்த மனிசன் எழும்புவார் என்று நினைக்கிறேன். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். சாமானைச் சீக்கிரம் அனுப்பு.

மர்ளியா


தோஹா
17.06.2011

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சாமான் ரிஷாத்தின் கையில் வருகிறது. பெட்டிக்குள் புதிய பிடி ஒன்று, நீளமான கேபிள், அதன் மேல் போடுகிற கறுப்பு உறை, உறை முட்டி நிற்க ஒரு சின்ன வளையம், ஸ்பேனர் இரண்டு.

முதலில் செயினைப் பின்னால் ஆகச் சின்னச் சில்லில் விடுங்கள். பழைய கேபிளை வெட்ட வேண்டாம், நட்டைத் தளர்த்தினால் வந்துவிடும். பிடியை ஹாண்டிலின் இடது பக்கம், கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் பூட்டுங்கள். வளையத்தைச் சாய்ந்த குழாயில், பழைய பிடி இருந்த இடத்தில் இறுக்குங்கள். கேபிளை உறைக்குள்ளால் விட்டு, வளையத்தில் முட்ட வைத்து, கீழால் பின்சில்லுக்குக் கொண்டுபோங்கள். கேபிளை இழுத்துப் பிடித்தபடி நட்டை இறுக்க வேண்டும். இழுக்க ஓர் ஆள், இறுக்க ஓர் ஆள். தனியே செய்தால் தளர்ந்துவிடும். பழைய பிடியை எறிந்துவிடுங்கள், அது அந்தக் காலத்துச் சாமான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிடி எட்டுச் சில்லுக்குச் செய்தது. ஆறுக்கு உள்ளது கடையில் இல்லை. ஆனால் இதுதான் இருந்ததில் ஆக விலை கூடியது, ராத்தா. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். மச்சானுக்கு நல்லதாக ஒன்று அனுப்ப ஆசைப்பட்டேன்.

அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு நித்திரை இல்லை. ஆனால் ரிஷாத் வாசலில் நிற்கிறான், வாகனம் வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

தாஹிர்


ஆலங்குடா
05.07.2011

தாஹிருக்கு,

ரிஷாத் வாசலில் நின்றானாம், வாகனம் வந்ததாம். உன் வாழ்க்கை முழுக்க யாரோ வாசலில் நிற்பார்கள், எப்போதும் ஒரு வாகனம் வரும்.

உன் பளபளப்பான சாமானை நீ சொன்னபடியே பூட்டினேன். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அதே வேலை. இரண்டு நாள். விரல் நகம் இரண்டு பெயர்ந்தது. ஃபஸ்னா இழுத்தாள், நான் இறுக்கினேன். அன்ரனிப்பிள்ளை பார்த்துவிட்டு, தங்கச்சி நாளைக்கே என் கடைக்கு வேலைக்கு வரலாம் என்றார். டக் என்றது. எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை. அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினேன். புதுசு பூட்டியிருக்கிறது, தாஹிர் அனுப்பினான் என்றேன். ஜும்ஆவுக்கு அதிலேயே போனார். தொழுகை முடிந்து ஊர்ச் சனமெல்லாம் பள்ளிவாசல் முன்னால் நிற்கும்போது ஏறி மிதித்து, காற்றுக்குக் கியர் மாற்றியிருக்கிறார். டக் என்று சத்தம் வந்ததாம், செயின் ஏறவில்லையாம். இன்னொரு தரம் தள்ள, அது இரண்டு சில்லுக்கு நடுவில் நின்று பாய்ந்து விழுந்து, மிதி காலடியில் வெறுமனே சுற்றி, ஆள் முகம் குப்புற மண்ணில். நீ அனுப்பியது எட்டுக்குச் செய்த சத்தம், சைக்கிளில் இருப்பது ஆறு. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அனுப்பினாய்.

யாரோ ‘மறுபடியும் கையை எங்கயோ விட்டுட்டார் போல’ என்றானாம். சனம் சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, ‘பாத்தியா, புதுசக் குடுத்தாலும் நான் கெடுப்பன். பிழை சாமான்ல இல்ல’ என்றார். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. களப்பில் கழுத்தளவு தண்ணீரில் நின்றாராம். சும்மா நின்றாராம், சட்டையோடு. இறால் பிடிக்கிறவர்கள் தோணியைத் திருப்பிப் போய்க் கூட்டி வந்தார்கள். என்ன காக்கா, குளிக்கவா வந்தீங்க என்று கேட்டார்களாம். இப்போது வாசற்படியில் நான் பாய் போட்டுப் படுக்கிறேன். தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. அவர் எழும்பினால் நானும் எழும்புகிறேன், கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்குப் போகிறேன். இப்படி எத்தனை நாள் ஒரு மனிசனைக் காவல் காப்பது? எனக்கு முடியவில்லை, தாஹிர். நான் யாரிடம் சொல்வேன்?

இனி சைக்கிளைப் பற்றி எழுதாதே. ஸ்பேனரைப் பற்றி எழுதாதே. அன்றைக்கு வாடியில் என்ன நடந்தது என்று எழுது. கையை விட்டது முதலா, சுவிட்சைப் போட்டது முதலா? எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. நீ சொன்னது உண்மையென்றால் அதையே திரும்ப எழுது, நான் இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். பொய்யென்றால், அவர் உயிரோடு இருக்கும்போதே எழுது.

மர்ளியா


தோஹா
16.07.2011

ராத்தா,

இருபத்தேழு தரம் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஃபஸ்னாவிடம் இதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். மச்சானுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மச்சான், நீங்கள் கையை விட்டபோது மெஷின் நின்றுகொண்டிருந்தது. சுவிட்சை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். ‘நான் சொல்லுமட்டும் போடாத’ என்றீர்கள். ஓம் என்றேன். அப்போது எனக்குப் போன் வந்தது. விசா வந்துவிட்டது, ஒன்பதாம் நாள் பயணம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன். உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லவுமில்லை. ஏன் போட்டேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தோஷத்தில் கை தானாகப் போனது.

பொலிஸ்காரர் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் வழக்கு வரும், பயணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புத்தான். பிறகு திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு வருஷம் போய்விட்டது. பொய் என்று தெரிந்தும் நீங்கள் எனக்காகப் பேசாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், மச்சான். உங்களுக்கு ஞாபகமே இல்லை என்பது ராத்தாவின் கடிதத்தில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் பளபளக்கிற பிடி ஒன்றைத்தான் அனுப்பினேன்.

நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள். கவனமில்லாதவன் நான்.

இந்தக் கடிதத்தை வாடிக்காரரிடம் காட்டுங்கள், பொலிஸிலும் காட்டுங்கள், ஜும்ஆவில் வாசிக்கச் சொல்லுங்கள். கீழே முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ராத்தா, அவரை விட்டு எங்கேயும் போகாதீர்கள்.

முஹம்மது தாஹிர்


ஆலங்குடா
31.07.2011

தம்பி தாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஃபஸ்னாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் படுத்திருந்த கட்டிலடியில் உட்கார்ந்து வாசித்தேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ‘நான் சொல்லுமட்டும் போடாத’ என்ற இடம் வந்ததும், அதை மறுபடி வாசி என்றார். வாசித்தேன். இன்னும் ஒருக்கா என்றார். பிறகு எழும்பி உட்கார்ந்தார். ஒரு வருஷமாகத் தன் கையைத் திட்டிக்கொண்டு கிடந்த மனிசன் அன்றைக்கு உன்னைத் திட்டினார். உம்மா வாப்பாவை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திட்டி முடித்துச் சோறு கேட்டார்.

மறுநாள் காலையில் நான் உன் டக் டக் சாமானைக் கழற்றிக் கிணற்றில் போடுகிற கோபத்தோடு சைக்கிளடியில் நின்றேன். பின்னால் வந்து நின்று, ‘புதுசக் கழட்டு. பழசை மேல ஏத்து’ என்றார். நீ எறியச் சொன்ன பழைய பிடியை நான் எறியவில்லை, மிளகாய்ப் போத்தலுக்குள் போட்டு வைத்திருந்தேன். அதன் வளையம் ஹாண்டிலுக்குப் பெரிது. டின்பால் பேணியில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் டியூப் றப்பர் சுற்றி இறுக்கினோம். நீ அனுப்பியதில் கேபிளும் உறையும் அந்தச் சின்ன வளையமும் உதவின, அதைச் சொல்லத்தான் வேண்டும். கேபிளை அவர் இடது கையில் சுற்றி இழுத்தார், ஆடாமல் இருக்கச் சில்லை வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நான் இறுக்கினேன். அந்தக் கட்டைவிரலால் ஒரு வேலை நடந்து நான் முதன்முதல் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழைய பிடியில் சத்தம் இல்லை. செயின் ஏறியதா இல்லையா என்று கையே கண்டுபிடிக்க வேண்டும். முற்றத்தில் முப்பது நாற்பது தரம் சுற்றினார். வியாழக்கிழமை காலை உன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கற்பிட்டிக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன், எதில் என்று கேட்டார். போகவிட்டேன். விட்டுவிட்டு நான் பட்டபாட்டை எழுத முடியாது. லுஹருக்கு வரவில்லை. அஸருக்கும் வரவில்லை. களப்புக் கரைக்கு இரண்டு தரம் ஓடினேன். நானே பூட்டி நானே அனுப்பிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மஃரிபுக்குச் சற்று முன்னால் வந்தார். காற்றுக்கு எதிரே மிதித்து வந்ததில் முகமெல்லாம் உப்பும் மண்ணும். பெட்டிக்குள் நாலு பாரை மீன். ஐஸ் மெஷினடியிலேயே வாடிக்காரரை உட்கார வைத்து உன் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தாராம். மீன் பிடிக்கப் போனவர்கள் எல்லாம் வந்து கேட்கும்வரை அவர் அசையவில்லையாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம் நான் ஓடத் தேவையிருக்கவில்லை. அவரே போய்ப் பிள்ளையைப் பாதை கடத்தினார். எந்தக் கையால் என்று கேட்காதே, வலது கையால்தான். அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இனி என் சத்தியம். மௌலவியிடம் கேட்டேன். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், வசதியில்லாவிட்டால் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும் என்றார். எங்கள் அடுப்பு உனக்குத் தெரியும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நோன்பும் பிடித்துவிட்டேன். அவர் கற்பிட்டிக்குப் போன நாளும் நோன்போடுதான் ஓடினேன். இன்றோ நாளையோ ரமழான் பிறை.

கோபம் தீரவில்லை, தாஹிர். அந்தக் கையைப் பார்க்கும் போதெல்லாம் வரும், நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இனி நீ போன் அடித்தால் நானே எடுப்பேன். திட்டத்தான் எடுப்பேன். இருந்தாலும் அடி.

இதை முடித்துக் கவரில் போடப் போனேன், கொஞ்சம் பொறு என்று பேனையை வாங்கிக்கொண்டார். இடது கையால் எழுதுவது இதுதான் முதல் தரம். கோணல் மாணலாக இருக்கும், பொறுத்து வாசி.

உன் ராத்தா
மர்ளியா

தாஹிர் மச்சான்
மூணாஞ் சில்லுல செயின் வழுக்குது. அன்ரனிப்பிள்ளைக்கும் பிடிபடுதில்ல. லீவு கிடைச்சா வந்து பாரு. வரக்குள்ள காதுல போன் இல்லாம வா.
ஜபார்